ஃபோர்ட்ரான் – சி: அணியின் அளவை அனுப்பும்போது வரைபடம் குழம்புகிறது (40 × 60 வலை)

சுண்ணக்கல் · திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

வணக்கம். வலிகாமத்து நிலத்தடி நீருக்குள் கடல்நீர் எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்று கணிக்கும் ஃபோர்ட்ரான் செய்நிரல் ஒன்று எங்கள் ஆய்வுக்குழுவிடம் இருக்கிறது. ஃபோர்ட்ரான் 77 காலத்து எழுத்து. எந்தப் பெயரும் ஆறெழுத்தைத் தாண்டாது. எழுதியவர் ஓய்வுபெற்று வெளிநாடு போய்விட்டார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, எனவே அதைத் தொட எனக்கு விருப்பமில்லை.

கிணறுகளில் இறக்கியிருக்கும் மின்கடத்துதிறன் உணரிகளின் தரவைச் சி மொழியில் எழுதிய இன்னொரு செய்நிரல் வாசிக்கிறது. அது 500 மீற்றர்ச் சதுரக் கட்டங்களாக, வடக்கிலிருந்து தெற்கே 40 நிரைகளும் (கிடை வரிசை) மேற்கிலிருந்து கிழக்கே 60 நிரல்களும் (நெடு வரிசை) கொண்ட ஓர் அணியை (அரே) நிரப்பி ஃபோர்ட்ரானிடம் கொடுக்க வேண்டும். கட்டளைகளைத் தமிழெழுத்திலேயே தருகிறேன்.

ஃபோர்ட்ரான் பக்கம்:

சப்ரூட்டீன் உப்பு(செறிவு, நிரை, நிரல்)
இன்டிஜர் நிரை, நிரல்
ரியல்*8 செறிவு(நிரை, நிரல்)

சி பக்கம்:

டபிள் செறிவு[40][60];
உப்பு_(செறிவு, 40, 60);

தொகுக்கும்போதும் இணைக்கும்போதும் ஒரு முறைப்பாடும் இல்லை. ஓடவிட்டவுடன் ‘செக்மென்டேஷன் ஃபோல்ட்’ என்று விழுகிறது. அணியை அனுப்புவது பற்றித் தேடினால் நிறையக் கிடைக்கிறது. அதன் அளவை அனுப்புவது பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.


துளையட்டை · ஓய்வு

பிள்ளை, 40 என்று எழுதி அனுப்பினால் ஃபோர்ட்ரான் அதை 40 என்று எடுத்துக்கொள்ளாது. ஃபோர்ட்ரான் 77 துணைச் செய்நிரலுக்குப் போவதெல்லாம் நடைமுறையில் முகவரிதான். தனி எண்ணுக்கும் அதே விதி, அணிக்கும் அதே விதி. நீர் அனுப்பிய 40ஐ நினைவகத்தின் 40ஆம் முகவரி என்று எண்ணிக்கொண்டு, நிரைகளின் எண்ணிக்கையை அங்கே போய்த் தேடுகிறது. அந்த இடம் உமது செய்நிரலுக்கு உரியதல்ல. இயங்குதளம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறது.

இரண்டு இன்ட் மாறிகளை வைத்து, அவற்றின் முகவரியை அனுப்பும்:

இன்ட் நிரை = 40, நிரல் = 60;
உப்பு_(செறிவு, &நிரை, &நிரல்);

அணி என்று நீர் அனுப்புவது முதல் உறுப்பின் முகவரி மட்டுமே. ஒருவருக்குக் காணியின் எல்லைக்கல் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு எத்தனை பரப்பு என்று வாயால் சொல்வதைப் போன்றது இது. அவர் உமது சொல்லை நம்பி வேலி போடுவார். சொன்னது பிழையென்றால் வேலி பக்கத்து வளவுக்குள் போகும். மறிக்க ஒருவரும் இல்லை.


உரும்பிராய்_தோட்டம் · உரும்பிராய்

சேர் சொன்னது ஓடும். ஆனால் அந்த ‘உப்பு_’ என்ற பெயரின் வால் ஜிஃபோர்ட்ரான் போன்ற தொகுப்பான்களின் வழக்கமே தவிர மொழியின் விதியல்ல. வேறு தொகுப்பானுக்கு மாறினால் வால் இல்லாமலும் போகலாம், வேறு விதமாகவும் வரலாம். ஃபோர்ட்ரான் 2003 இதற்கென்றே ஒரு வழி தந்திருக்கிறது. பழைய எழுத்தைத் தொட வேண்டாம். மேலே ஒரு மெல்லிய உறை போட்டால் போதும்:

சப்ரூட்டீன் உப்பு_உறை(செறிவு, நிரை, நிரல்) பைண்ட்(சி, நேம்="உப்பு_உறை")
யூஸ், இன்ட்ரின்சிக் :: ஐஎஸ்ஓ_சி_பைண்டிங்
இன்டிஜர்(சி_இன்ட்), வால்யூ :: நிரை, நிரல்
ரியல்(சி_டபிள்) :: செறிவு(நிரை, நிரல்)
கால் உப்பு(செறிவு, நிரை, நிரல்)

‘வால்யூ’ என்று போட்டதால் சி பக்கம் வெறும் 40, 60 என்றே அனுப்பலாம். முகவரிக் குறி போட்டோமா இல்லையா என்ற தொல்லை ஒழிந்தது. சி_இன்ட், சி_டபிள் என்பவை அந்தக் கணினியின் சி தொகுப்பான் எந்த அகலத்தை வைத்திருக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். ரியல்*8 என்று ஊகித்து எழுதத் தேவையில்லை.

இன்னொன்று. சி பக்கத்திலே முன்னறிவிப்பு வரியைக் கட்டாயம் எழுதுங்கள். ஜிஃபோர்ட்ரான் 9 முதல் ‘-எஃப்சி-புரோட்டோடைப்ஸ்’ என்று கொடுத்தால் பைண்ட்(சி) போட்ட துணைச் செய்நிரல்களுக்கு உரிய சி அறிவிப்புகளை அதுவே அச்சிட்டுத் தந்துவிடும். கையால் எழுதும்போதுதான் ஒரு பக்கத்தில் வால்யூவும் மறுபக்கத்தில் சுட்டியும் (முகவரியும்) என்று பிசகுகிறது.


சுண்ணக்கல்

உறை போட்டேன், விழவில்லை. இருவருக்கும் நன்றி.

ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வடக்குக் கரைக்கு அப்பால் இருக்க வேண்டிய கடல் மேற்குப் பக்கத்தில் செங்குத்துப் பட்டைகளாக நிற்கிறது. கோண்டாவிலுக்குக் கீழே முழு உப்பு. காரைநகருக்கு அப்பால் பாக்குநீரிணைக்குள் நன்னீர். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, “இனி அங்கே போய்க் கிணறு வெட்டலாம் போலிருக்கிறது” என்றார்.

அளவு சரியாகத்தான் போகிறது. ஃபோர்ட்ரானுக்குள் அச்சிட்டுப் பார்த்தேன், 40, 60 என்றே வருகிறது. இதற்கு முன் 20 × 20 சோதனை வலை ஒன்றில், நடுவில் வட்டமான நன்னீர் வில்லை (உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்த் திரள்) வைத்து ஓடவிட்டபோது விடை அச்சொட்டாக இருந்தது.


வாடைக்காற்று · ரொறன்ரோ, சொந்த ஊர் பருத்தித்துறை

20 × 20 சரியாக வந்ததில் வியப்பில்லை. சதுர வலையில் நிரையும் நிரலும் இடம் மாறினால் படம் மூலைவிட்டத்தைச் சுற்றிப் புரளும், அவ்வளவுதான். நீங்கள் வைத்ததோ நடுவில் வட்டம். புரட்டினாலும் அதே வட்டம். அந்தச் சோதனை எதையும் சோதிக்கவில்லை.

சி மொழி ஒரு நிரையை முழுதாக எழுதிவிட்டு அடுத்த நிரைக்குப் போகிறது. ஃபோர்ட்ரான் ஒரு நிரலை முழுதாக எழுதிவிட்டு அடுத்த நிரலுக்குப் போகிறது. 2 × 3 அணி ஒன்றைக் கையால் போட்டுப் பாருங்கள். சி பக்கம் இப்படி நிரப்புங்கள்:

11 12 13
21 22 23

பத்தாமிடம் நிரையைச் சொல்கிறது, ஒன்றாமிடம் நிரலைச் சொல்கிறது. நினைவகத்தில் இது 11, 12, 13, 21, 22, 23 என்று கிடக்கும். அதே ஆறு எண்களை 2 நிரை, 3 நிரல் என்று ஃபோர்ட்ரான் எடுக்கும்போது முதல் இரண்டும் முதல் நிரலுக்குப் போகும், அடுத்த இரண்டும் இரண்டாம் நிரலுக்கு:

11 13 22
12 21 23

இது வெறும் இடமாற்றமல்ல, சிதைவு. உங்கள் வலையில் வடக்கு ஓரத்து நிரையில் 60 உறுப்புகள். அவற்றில் 40 போய் மேற்கோரத்து முதல் நிரலை நிரப்புகின்றன, மிச்சம் 20 இரண்டாம் நிரலின் மேற்பாதியைப் பிடிக்கின்றன. நீங்கள் கண்ட செங்குத்துக் கடல் அதுதான். அளவு சரியாகப் போயிருக்கிறது; எந்த அளவு முதலில் ஓடுகிறது என்பது போகவில்லை.

சி பக்கம் அணியை இப்படி அறிவியுங்கள்:

டபிள் செறிவு[60][40];

எழுதும்போதும் செறிவு[நிரல்][நிரை] என்ற ஒழுங்கில் எழுதுங்கள். சி மொழிக்குக் கடைசிச் சுட்டெண் வேகமாக ஓடும், ஃபோர்ட்ரானுக்கு முதற்சுட்டெண் வேகமாக ஓடும். இரண்டு பக்கமும் இப்போது நிரைதான் வேகமாக ஓடுகிறது. ஃபோர்ட்ரான் வழக்கம்போல செறிவு(40,60) என்று பார்க்கும்; ஓர் எண்ணைக்கூட நகலெடுக்கத் தேவையில்லை. சி மொழியின் 0ஆம் நிரை ஃபோர்ட்ரானின் 1ஆம் நிரை என்பதை மட்டும், கிணற்றின் இடத்தைச் சுட்டெண்ணாக அனுப்பும்போது ஒன்று கூட்டிச் சரிசெய்யுங்கள்.


பூநகரிப்_புதியவன்

குறுக்கே கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். சி பக்கம் [40][60] என்றே இருக்கட்டும்; அளவை மட்டும் 60, 40 என்று மாற்றி அனுப்பினால் என்ன?


துளையட்டை

தம்பி, சிதைவு போய்விடும், ஆனால் வரைபடம் மூலைவிட்டத்தில் புரண்டு கிடக்கும். உள்ளே இருக்கும் பழைய எழுத்து முதற்சுட்டெண்ணை வடக்கு–தெற்கு என்று நம்புகிறது. 1ஆம் நிரை வடகடல், 40ஆம் நிரை யாழ்ப்பாணக் கடனீரேரி என்று எல்லை நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். நீர் அனுப்புவதில் முதற்சுட்டெண் மேற்கு–கிழக்கு. வடக்குக் கடலின் உப்பைத் தூக்கி மேற்கு ஓரத்தில் வைக்கும். கணக்குக் குழம்பாமல் ஒருங்கி முடியும், படமும் அழகாக வரும். அதுதான் ஆபத்து. முன்னையது பார்த்தவுடனே சிரிக்க வைத்தது, இது பார்த்தால் நம்ப வைக்கும்.

நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் என்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு நன்னீர் நிற்கும் என்பது நமது சுண்ணக்கல் நிலத்துக்கு எடுத்தாளும் பழைய விதி. அந்த ஒரு மீற்றரில் அரை மீற்றர் பிசகினால் கீழே 20 மீற்றர் பிசகும். எனவே ‘கொஞ்சம் புரண்டிருக்கிறது’ என்று விட முடியாது.

சுண்ணக்கல் பிள்ளைக்கு ஒரு கேள்வி. உள்ளே வேறு துணைச் செய்நிரல்கள் இருக்குமே. அவையும் செறிவு(நிரை, நிரல்) என்றுதான் அறிவிக்கின்றனவா, அல்லது எங்கேயாவது பெரிய எண் ஒன்று எழுதியிருக்கிறதா?


சுண்ணக்கல்

சேர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ‘பரவல்’ என்று இன்னொன்று இருக்கிறது. பழைய முதன்மைச் செய்நிரல் அதைத் தனியாக அழைத்தது, இப்போது நான் சி பக்கத்திலிருந்து நேராக அழைக்கிறேன்.

சப்ரூட்டீன் பரவல்(செறிவு, நிரை, நிரல்)
இன்டிஜர் நிரை, நிரல்
ரியல்*8 செறிவு(200, 200)

சில வேளை ஓடி முடிகிறது, சில வேளை நடுவில் விழுகிறது. முடிந்தாலும் சி பக்கத்தில் வேறு ஏதாவது மாறியின் பெறுமானம் மாறிப்போயிருக்கிறது. எல்லைச் சோதனைக்கான ‘-எஃப்செக்=பவுண்ட்ஸ்’ போட்டுத் தொகுத்தும் பார்த்தேன், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.


துளையட்டை

அந்தக் காலத்தில் நினைவகத்தை ஓடும்போது ஒதுக்கிக்கொள்ள ஃபோர்ட்ரானில் முறையான வழி இல்லை. அது ஃபோர்ட்ரான் 90இல்தான் வந்தது. எனவே ஆகப் பெரிய வலைக்கு 200 × 200 என்று ஒதுக்கிவிட்டு, அதில் மேல் இடது மூலையில் வேண்டிய அளவை மட்டும் பாவிப்போம். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

இங்கே இரண்டு அளவுகள் இருக்கின்றன: ஒதுக்கிய அளவு, பாவிக்கும் அளவு. ‘பரவல்’ நிரை, நிரல் இரண்டையும் சுற்றின் எல்லைக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறது. உறுப்பு எங்கே கிடக்கிறது என்பதை 200ஐ வைத்துத்தான் கணக்கிடுகிறது. நிரை i, நிரல் j என்றால், தொடக்கத்திலிருந்து (i − 1) + 200 × (j − 1) உறுப்புகள் தள்ளி. நீர் கொடுத்ததோ 40 × 60, அதாவது 2400 உறுப்புகள். 12ஆம் நிரலின் கடைசி உறுப்பு 39 + 2200 = 2239. உள்ளேதான், ஆனால் பிழையான இடம். 13ஆம் நிரலின் முதல் உறுப்பு 2400. உமது அணி 2399இல் முடிந்துவிட்டது. அங்கிருந்து 60ஆம் நிரல்வரை அது எழுதுவதெல்லாம் அடுத்தவன் இடத்தில். கடைசி உறுப்பு 11,839இல் போய் நிற்கும்.

எல்லைச் சோதனை ஏன் பேசவில்லை? அதற்குத் தெரிந்த எல்லை 200 × 200. 13 என்பது 200ஐவிடச் சிறியது. அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்கு.

தீர்வு புதியதல்ல. லாப்பாக் என்ற அணிக்கணக்கு நூலகத்தில் முழு அணி வாங்கும் துணைச் செய்நிரல் எதைத் திறந்தாலும் அணிக்குப் பின்னால் ‘எல்டிஏ’ என்று ஒன்று வரும். அணி ஒதுக்கப்பட்டபோது முதற்சுட்டெண்ணுக்கு இருந்த அளவு. பாவிக்கும் நிரை எண்ணிக்கை வேறு, இது வேறு. படிக்கிற பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, ஏன் இரண்டு தடவை கேட்கிறார்கள் என்று முணுமுணுப்பார்கள். இதற்காகத்தான் கேட்கிறார்கள். ‘பரவல்’ அறிவிப்பை இப்படி மாற்றும்:

சப்ரூட்டீன் பரவல்(செறிவு, முன், நிரை, நிரல்)
ரியல்*8 செறிவு(முன், *)

நட்சத்திரக் குறி இருக்கும் கடைசிப் பரிமாணம் எவ்வளவு என்று ஃபோர்ட்ரானுக்குத் தெரியாது, முகவரி கணிக்க அது தேவையும் இல்லை. எல்டிஏயின் இடத்தில் நிற்கும் ‘முன்’ மட்டும் போதும்.


உரும்பிராய்_தோட்டம்

பழையதைத் தொடவே மாட்டேன் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: ‘பரவல்’ வாங்கும் அணியைச் சி பக்கத்தில் [200][200] என்றே ஒதுக்கிவிடுங்கள். 3,20,000 பைட்டு. இன்றைய கணினிக்கு அது ஒன்றுமில்லை. அடுக்கில் (ஸ்டாக்) வைக்காமல் ஸ்டாடிக் போட்டுவிடுங்கள்.

பிடிப்பதற்கு வழி: இரண்டு பக்கத்தையும் ‘-எஃப்சானிடைஸ்=அட்ரஸ்’ போட்டுத் தொகுத்து ஓடவிடுங்கள். எல்லைச் சோதனை அறிவிப்பை நம்புகிறது. இது உண்மையில் ஒதுக்கிய நினைவகத்தைப் பார்க்கிறது. 2400 என்பது அணியின் முடிவுக்கு மிக அடுத்த இடம் என்பதால் முதல் தப்படியிலேயே மாட்டும்.

சி மொழியில் அளவு எவ்வளவு எளிதாகத் தொலைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சார்பு ஒன்றின் உள்ளே போன அணிக்கு ‘சைஸ்ஆஃப்’ போட்டால் கிடைப்பது சுட்டியின் அளவு. 64 பிட்டுக் கணினியில் 8. அதை டபிளின் 8ஆல் வகுத்தால் 1. கொடுத்த இடத்தில் 2400, வாங்கிய இடத்தில் 1. தொகுப்பானின் எச்சரிக்கைகளை அணைத்துவிட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த 1 எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க அரைநாள் போகும்.


ஆகப்புதுசு

இவ்வளவு பாடு எதற்கு? எல்லாவற்றையும் பைதானில் திருப்பி எழுதிவிட்டால் முடிந்தது.


துளையட்டை

நீர் எழுதும். முடித்த பிறகு விடைகள் பழையதோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிட, பழையதை அதிலிருந்து அழைக்க வேண்டி வரும். அப்போது இந்த இழையை வாசியும்.


வாடைக்காற்று

ஆகப்புதுசுக்குச் சேர்ந்து ஒரு வரி: பைதானிலிருந்து அழைப்பதற்கு எஃப்2பை என்ற கருவி இருக்கிறது, அளவுகளை அணியிலிருந்து அதுவே எடுத்துக் கொடுக்கும். ஆனால் நிரை ஒழுங்கில் கிடக்கும் நம்பை (பைதானின் எண்கணக்கு நூலகம்) அணியைக் கொடுத்தால் ஓசையில்லாமல் நகலெடுத்து ஒழுங்கை மாற்றும். பெரிய அணிகளில் நேரம் போவது அங்கேதான்.


பூநகரிப்_புதியவன்

ஃபோர்ட்ரான் 90இல் செறிவு(:,:) என்று எழுதினால் அளவு தானாகவே கூடப் போகிறதே. சைஸ்(செறிவு, 1) என்று கேட்டால் 40 என்கிறது. அதைச் சி மொழிக்குக் கொண்டுபோனால் இந்த ‘முன்’, நிரை, நிரல் ஒன்றுமே வேண்டாமே?


வாடைக்காற்று

நல்ல கேள்வி. அப்படி எழுதும்போது ஃபோர்ட்ரான் அனுப்புவது முதல் உறுப்பின் முகவரியை அல்ல. ஒரு விவரிப்பியின் முகவரியை. அதற்குள் தரவு எங்கே, எத்தனை பரிமாணம், ஒவ்வொன்றிலும் எத்தனை உறுப்பு, ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு எவ்வளவு தாண்ட வேண்டும் என்பதெல்லாம் இருக்கும். அழைப்பவருக்கும் அந்த அறிவிப்புத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பழைய பாணியில் அழைத்தால் தரவின் முதல் எண்ணையே விவரிப்பி என்று எடுத்துக்கொண்டு கூத்தாடும்.

நெடுங்காலம் ஒவ்வொரு தொகுப்பானுக்கும் தன் சொந்த அமைப்பு இருந்தது. ஜிஃபோர்ட்ரானின் விவரிப்பியை இன்டெல் தொகுப்பானிடம் கொடுக்க முடியாது. 2018ஆம் ஆண்டுத் தரம்தான் இதற்குப் பொது வடிவம் கொடுத்தது. சி பக்கம் ‘ஐஎஸ்ஓ_ஃபோர்ட்ரான்_பைண்டிங்.எச்’ என்ற தலைப்புக் கோப்பைச் சேர்த்தால் ‘சிஎஃப்ஐ_சிடெஸ்க்_டி’ என்ற கட்டமைப்புக் கிடைக்கும். அதற்குள் ‘டிம்’ என்ற அணியில் ஒவ்வொரு பரிமாணத்துக்கும் மூன்று எண்கள்: கீழெல்லை, நீட்சி, தாண்டல். டிம்[0] என்பது ஃபோர்ட்ரானின் முதற்பரிமாணம். உங்கள் வழக்கில் அதன் நீட்சி 40.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தாண்டல் பைட்டுகளில் சொல்லப்படுகிறது, உறுப்புகளில் அல்ல. டபிள் சுட்டியோடு நேராகக் கூட்டினால் எட்டு மடங்கு தள்ளிப் போய் விழும். மற்றது, செறிவு(:,:) என்று வரும் அணிக்குச் சி பக்கம் தெரியும் கீழெல்லை 0. ஃபோர்ட்ரானில் அது 1ஆக இருந்தாலும், வேறெதுவாக இருந்தாலும்.

ஒன்றுவிட்டு ஒரு நிரை என்று வெட்டியெடுத்த துண்டையும் இதனால் நகலெடுக்காமல் அனுப்பலாம். பழைய முறையில் தொகுப்பான் பின்னால் ஒரு தற்காலிக நகல் எடுத்து, அழைப்பு முடிந்ததும் திருப்பி ஊற்றும். அது நடக்கிறதா என்று அறிய ‘-டபிள்யூஅரே-டெம்பரரிஸ்’.


சுண்ணக்கல்

கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஆய்வுகூடக் கணினியில் உபுண்டு 18.04, ஜிஃபோர்ட்ரான் 7.


வாடைக்காற்று

அப்படியென்றால் மறந்துவிடுங்கள். அந்தத் தலைப்புக் கோப்பு ஜிஃபோர்ட்ரானில் 9ஆம் பதிப்போடுதான் வந்தது. சில மூலைகள் 12ஆம் பதிப்பில்தான் சீரடைந்தன. மேலே சொன்ன ‘-எஃப்சி-புரோட்டோடைப்ஸ்’ வசதியும் உங்களிடம் இருக்காது, அறிவிப்பைக் கையால் எழுதுங்கள்.

உண்மையைச் சொன்னால் புதிய பதிப்பு இருந்தாலும் உங்கள் வேலைக்கு நான் விவரிப்பியைப் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு முகவரி, மூன்று நிறைவெண்கள். நாளை வேறு ஒருவர் இதைத் திறந்து பார்க்கும்போது எந்தக் கையேடும் இல்லாமல் விளங்கும். வெட்டிய துண்டுகளை அங்குமிங்கும் அனுப்பும் நூலகம் எழுதுகிறவர்களுக்குத்தான் விவரிப்பி.


உரும்பிராய்_தோட்டம்

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கையால் மூன்று எண் அனுப்பினால் மூன்று இடத்தில் பிழைவிடலாம். விவரிப்பியில் அளவும் தரவும் ஒன்றாகவே போகின்றன. உணரித் தரவோடு நாள் முழுக்க மாரடிப்பவன் என்ற முறையில், தரவும் அதன் நீளமும் பிரிந்து பயணிக்கும் எந்த ஏற்பாட்டையும் நான் நம்புவதில்லை. 7ஆம் பதிப்பு என்றால் வேறு வழியில்லை என்பது வேறு கதை.

நிறைவெண்ணின் அகலம் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஃபோர்ட்ரானின் சாதாரண இன்டிஜர் பெரும்பாலும் 32 பிட்டு. ஆகக் கூடியது 2,14,74,83,647. சி மொழிக்காரர் அளவு என்றால் கை தானாகவே சைஸ்_டி என்று எழுதும். அது 64 பிட்டு. உறையில் வால்யூ இருந்து சி பக்கம் அறிவிப்பும் சரியாக இருந்தால் தொகுப்பான் சுருக்கிக் கொடுத்துவிடும். ஆனால் முகவரியை அனுப்பும் பழைய முறையில் 64 பிட்டின் முகவரியை 32 பிட்டென்று வாசித்தால்? நாம் பாவிக்கும் கணினிகளில் எண்ணின் சிறிய இடங்களைக் கொண்ட பாதி முதலில் கிடப்பதால் 40 என்றே வரும், அதனால் ஒருவருக்கும் தெரியாது. மறுபுறம் 32 பிட்டு இன்ட் ஒன்றின் முகவரியைக் கொடுத்து, ஃபோர்ட்ரானை ‘-எஃப்டிஃபோல்ட்-இன்டிஜர்-8’ என்று தொகுத்திருந்தால், அது பக்கத்து 4 பைட்டையும் சேர்த்து அள்ளும். அங்கே 0 கிடந்தால் அன்று தப்பினீர்கள்.

பெரிய வலை என்றால் பெருக்கலிலும் கவனம். 46,341 × 46,341 சதுரத்தின் உறுப்பு எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே சின்னஞ்சிறு எண்தான். சைஸ்(செறிவு) என்று கேட்பதும் சாதாரண இன்டிஜரையே தரும்; சைஸ்(செறிவு, கைண்ட்=சி_சைஸ்_டி) என்று கேட்க வேண்டும்.


துளையட்டை

வலிகாமம் முழுவதையும் கதிரை அளவுக் கட்டமாகப் பிரித்தால்தான் அந்தத் தொல்லை வரும். ஆனாலும் சொல்லி வைத்தது நல்லது.


சுண்ணக்கல்

கடைசியாக ஒன்று. எந்தக் கிணற்றில் எல்லை மீறியது என்று ஃபோர்ட்ரானின் பதிவேட்டில் எழுத, கிணற்றின் பெயரையும் அனுப்ப விரும்புகிறேன். அதற்கும் நீளம் அனுப்ப வேண்டுமா?


வாடைக்காற்று

பைண்ட்(சி) இல்லாத பழைய துணைச் செய்நிரலுக்கு என்றால், ஆம், கண்ணுக்குத் தெரியாமல். கேரக்டர் ஒன்று இருந்தால் அதன் நீளம் ஆர்கியூமென்ட் பட்டியலின் கடைசியில் பெறுமானமாகப் போகும். ஜிஃபோர்ட்ரானில் 7ஆம் பதிப்புவரை அது இன்ட், 8 முதல் சைஸ்_டி. இதை அனுப்பாமல் விட்டாலும் ஓடுகிறது என்று சி மொழியில் பலர் ஆண்டுக்கணக்காக அனுப்பாமலே இருந்தார்கள். 2019இல், புதிய ஜிஃபோர்ட்ரான் செய்த ஒரு வேகப்படுத்தலால், அனுப்பப்படாத அந்த நீளத்தின் இடத்தில் எழுத நேர்ந்து அடுக்குச் சிதைந்தது. ஆர் மொழியிலிருந்து லாப்பாக்கை அழைத்த இடங்களில் அது பெரிய தலைவலியாகிவிட்டது.

நீங்கள் உறை வழியாகவே போங்கள். கேரக்டர்(கைண்ட்=சி_சார்) :: பெயர்(நீளம்) என்று ஓரெழுத்து உறுப்புகளின் அணியாக எடுத்து, நீளத்தையும் வெளிப்படையாக அனுப்புங்கள். தமிழ்ப் பெயர் என்றால் அந்த நீளம் பைட்டுகளின் எண்ணிக்கை, எழுத்துகளின் எண்ணிக்கை அல்ல. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறி (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனி) மூன்று பைட்டு. ‘நிலாவரை’ 7 குறி, 21 பைட்டு.


சுண்ணக்கல்

இப்போது உறை இப்படி நிற்கிறது. நிலையெண்ணைச் சார்பின் விடையாகத் திருப்பிக் கொடுக்கிறேன்:

ஃபங்ஷன் பரவல்_உறை(செறிவு, முன், நிரை, நிரல்) பைண்ட்(சி, நேம்="பரவல்_உறை") ரிசல்ட்(நிலை)
யூஸ், இன்ட்ரின்சிக் :: ஐஎஸ்ஓ_சி_பைண்டிங்
இன்டிஜர்(சி_இன்ட்), வால்யூ :: முன், நிரை, நிரல்
ரியல்(சி_டபிள்) :: செறிவு(முன், *)
இன்டிஜர்(சி_இன்ட்) :: நிலை
நிலை = 0
இஃப் (முன் < நிரை) நிலை = 1
இஃப் (நிலை == 0) கால் பரவல்(செறிவு, முன், நிரை, நிரல்)

2 × 3 சோதனையில் 11, 12, 13 முதல் நிரையிலேயே நிற்கின்றன. 40 × 60 வலையில் கடல் வடக்கே திரும்பிவிட்டது. வலிகாமத்தின் நடுவில் நன்னீர் வில்லை, ஓரங்களில் உப்பு. முகவரிச் சோதனையும் போட்டு ஓடவிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.


உரும்பிராய்_தோட்டம்

பழைய எழுத்துக்குள் ‘ஸ்டாப்’ என்று எங்கேயாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது ஃபோர்ட்ரானை மட்டும் நிறுத்தாது, உணரியை வாசித்துக்கொண்டிருக்கும் உங்கள் சி செய்நிரலையும் சேர்த்து நிறுத்திவிடும். இரவு முழுவதும் தரவு இல்லாமல் போகும்.


துளையட்டை

உணரிகள் ஒன்றும் பேசாத நாளில் நிரல் 0 என்று வந்தால்? ஃபோர்ட்ரான் 77இல் வெற்று அணி என்று ஒன்று கிடையாது; அந்த எழுத்து அதை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்காது. சராசரி எடுக்கும் இடத்தில் பூச்சியத்தால் வகுக்கும்.


சுண்ணக்கல்

மூன்று இடத்தில் ‘ஸ்டாப்’ இருந்தது, ‘ரிட்டர்ன்’ ஆக்கிவிட்டேன். நிரையோ நிரலோ 1ஐவிடக் குறைந்தால் நிலை 2 என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சி பக்கம் அதைக் கண்டால் முந்தைய மணியின் வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு பதிவேட்டில் எழுதிவிடும்.